கார் அலாரம் காரணமில்லாமல் அலறுகிறதா? எந்த சென்சார் என்று கண்டுபிடிக்கும் வழி

சும்மா நிற்கிற கார் நள்ளிரவில் அலறினால் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு சென்சாரின் திருகைக் கடைசி வரை குறைத்துவிடுவார்கள், இல்லையென்றால் அலாரத்தின் ஃப்யூஸையே பிடுங்கிவிடுவார்கள். சத்தம் நின்றுவிடும், ஆனால் அன்றிலிருந்து அந்தக் காரில் அலாரம் இருந்தும் இல்லாத மாதிரிதான். இன்னும் சிலர் நேராகக் கடைக்குப் போவார்கள், "சென்சார் போயிருச்சுங்கண்ணா, மாத்திரலாம்" என்று பதில் வரும், புது சென்சார் போட்டு நாலு நாள் கழித்து அதே நேரத்துக்கு அதே அலறல் கேட்கும், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை மறுபடி எழுந்துகொள்ளும்.

எந்த சென்சார் கத்த வைக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் எதையும் திருகாதீர்கள், எதையும் மாற்றாதீர்கள். நான் சொல்ல வருவது முழுக்க இதுதான். பிரித்துப் பார்ப்பது பெரிய வேலை கிடையாது. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், சின்ன ஸ்க்ரூ டிரைவர், டார்ச், குறித்துக்கொள்ள ஒரு நோட்டு, கூட நிற்க ஒரு ஆள், ஒரு சாயங்காலம் இருந்தால் போதும். சேலத்து வெயில், விசைத்தறிச் சத்தம், ஏற்காட்டுப் பனிமூட்டம், குரங்கு என்று நம் பக்கத்துக்கே உரிய காரணங்களும் உண்டு, அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

காரில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

கம்பெனியிலிருந்தே அலாரத்தோடு வரும் பல கார்களில், குறிப்பாக நடுத்தர விலை மாடல்களில், அசைவைக் கண்டுபிடிக்கும் சென்சாரே கிடையாது. கதவு, டிக்கி, சிலவற்றில் பானெட், இவை திறந்தால் மட்டும்தான் அலாரம் அடிக்கும். அப்படிப்பட்ட காரில் மோஷன் சென்சாரைத் தேடிக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும், கதவு ஸ்விட்சைத்தான் பார்க்க வேண்டும். காரோடு வந்த புத்தகத்தில் அலாரம் பக்கத்தை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

கடையில் தனியாகப் பொருத்திய அலாரம் என்றால் அநேகமாக ஷாக் சென்சார் இருக்கும். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு டப்பா, நாலு வயர், ஒரு சின்னத் திருகு, பெரும்பாலும் ஒரு எல்இடி விளக்கு. ஸ்டீயரிங்குக்குக் கீழே அல்லது கியர் லீவர் பக்கத்தில் ஒளிந்திருக்கும். உள்ளே ஒரு பீசோ தகடோ, காயில் பக்கத்தில் ஆடுகிற காந்தமோ இருக்கும், காரில் அதிர்வு பட்டால் அதில் சின்னதாக மின்னழுத்தம் உண்டாகும், அந்த அளவு நாம் வைத்த எல்லையைத் தாண்டினால் அலாரம் யூனிட்டுக்குச் செய்தி போகும். லேசான தட்டுக்கு ஒரு சின்ன எச்சரிக்கைச் சத்தம், பலமான அடிக்கு முழு சைரன் என்று இரண்டு எல்லை வைத்தவைதான் இப்போது அதிகம்.

அல்ட்ராசோனிக் வேறு வகை. சுமார் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியைக் கேபினுக்குள் அனுப்பி, திரும்பி வருவதில் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும் என்பதால் அது வேலை செய்வது நமக்குத் தெரியாது. தனியாகப் போட்டதென்றால் முன் கண்ணாடியின் இரண்டு ஓரத் தூண்களிலும் சின்னக் குமிழ்போல இருக்கும், சில ஐரோப்பியக் கார்களில் கூரை விளக்கோடு சேர்ந்தே வரும். மைக்ரோவேவ் சென்சார் இரண்டு முன் சீட்டுக்கும் நடுவே கன்சோலுக்குள் இருக்கும், ரேடார் மாதிரி வேலை செய்யும். கடைசியாகச் சாய்வு சென்சார், காரைத் தூக்கினாலோ இழுத்துப் போனாலோ கத்துவதற்கு.

நோட்டில் எழுத வேண்டியவை

கத்தும்போதெல்லாம் நேரம், இடம், வெயிலா மழையா, எத்தனை மணி நேரமாக நின்றது, அருகே என்ன நடந்தது, இவற்றைக் குறித்து வையுங்கள். எரிச்சலில் தூக்கக் கலக்கத்தில் ரிமோட்டை அமுக்கிவிட்டுப் படுத்துவிடுவோம், காலையில் ஒன்றும் ஞாபகம் இருக்காது. பல சிஸ்டங்களில் அலாரம் அடித்த பிறகு ரிமோட்டால் திறந்தால் வழக்கத்தைவிட அதிகமாகப் பீப் சத்தம் வரும், டேஷ்போர்டு எல்இடி குறிப்பிட்ட எண்ணிக்கையில் மின்னும். கதவா, ஷாக் சென்சாரா, பானெட்டா என்று அந்த எண்ணிக்கைதான் சொல்லும். இஞ்சின் சாவியைப் போட்டதும் அந்தத் தகவல் அழிந்துவிடுகிற யூனிட்டுகள் உண்டு, அதனால் சாவியைத் திருப்பும் முன்பே எண்ணிவிடுங்கள். இந்த ஒரு பழக்கத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

விடியற்காலையில் மட்டும் கத்துகிறதென்றால் பேட்டரியையும் ஈரத்தையும் சந்தேகப்படுங்கள். உச்சி வெயிலில் நிறுத்திய அரை மணி நேரத்துக்குள் என்றால் கேபின் சென்சார். மழை பெய்த மறுநாள் என்றால் பானெட் ஸ்விட்ச். லாரி போகும்போதெல்லாம் என்றால் ஷாக் சென்சார், அதுவும் பழுதாக இருக்க வேண்டிய அவசியமில்லை, எல்லை தப்பாக வைத்திருக்கலாம்.

சென்சாரைத் தொடும் முன் பேட்டரி, ஸ்விட்ச்

இரவு முழுக்க நின்ற காரில், காலையில் கதவைத் திறந்து விளக்கெல்லாம் அணைந்த பிறகு பேட்டரி முனைகளில் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் பரவாயில்லை. 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது, 12க்குக் கீழே போனால் அந்தப் பேட்டரியை வைத்துக்கொண்டு அலாரத்தைச் சோதிப்பதில் அர்த்தமே இல்லை. சப்ளை இறங்கினால் சென்சாருக்குள் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் தாறுமாறாக நடக்கும், தனி பேட்டரி வைத்த சைரன் யாரோ வயரை வெட்டிவிட்டார்கள் என்று நினைத்து அலறும். இஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மலைக்குப் போய் வருபவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். சில பழைய அலாரங்கள் வோல்டேஜ் திடீரென்று இறங்குவதையே திருட்டு முயற்சியாக எடுத்துக்கொள்ளும், கதவைத் திறந்தால் உள் விளக்கு எரியும், வோல்டேஜ் கொஞ்சம் சரியும் என்ற கணக்கு அது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏற்காடு ஏரிப் பக்கம் நிறுத்திப் பூட்டிவிட்டு நாலடி நடப்பதற்குள் அலறினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறிய சூட்டில், இஞ்சினை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடும், அந்த ஃபேன் இழுக்கும் கரண்டில் வோல்டேஜ் சரியும், அலாரம் ஏமாந்துபோகும். இந்த வசதியை யூனிட்டில் அணைத்து வைக்க முடியும், இல்லையென்றால் ஃபேன் நின்ற பிறகு பூட்டலாம். ஷாக் சென்சாரை மாற்றி எந்தப் பிரயோஜனமும் இல்லை.

அடுத்தது பானெட் ஸ்விட்ச். தனியாகப் பொருத்தும் அலாரங்களில் வெட்டியாகக் கத்துவதற்கு முக்கியக் காரணம் இந்தச் சின்னப் பொருள்தான் என்பது என் திடமான கருத்து. பானெட்டைத் தூக்கி ஃபெண்டர் ஓரத்தில் பாருங்கள், ஸ்பிரிங் வைத்த ஒரு ஊசி நிற்கும், மேலே ரப்பர் தொப்பி. அந்த ரப்பர் வெடித்துத் தண்ணீர் இறங்கியிருந்தால் ஊசியின் கழுத்தில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். விரலால் அமுக்கி விடுங்கள். டக்கென்று மேலே வர வேண்டும். பாதியிலே நின்று, அப்புறம் மெதுவாக ஏறுகிறதென்றால் ஸ்விட்ச் போய்விட்டது. பானெட்டை மூடும்போது ஊசி எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்க அதன் தலையில் கொஞ்சம் களிமண் உருண்டையை ஒட்டி மூடித் திறந்து பாருங்கள். மண் நசுங்கவே இல்லையென்றால் பானெட் ஊசியைத் தொடவில்லை, லேசாக மட்டும் நசுங்கியிருந்தால் லாரி போகிற அதிர்வுக்கே தொடர்பு விட்டுவிட்டு வரும்.

மீட்டரைக் கன்டின்யூட்டியில், அதாவது தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில் வைத்து, ஸ்விட்சின் வயரைக் கழற்றி, ஒரு முனையை ஸ்விட்சிலும் இன்னொன்றை வெறும் இரும்பு பாடியிலும் வையுங்கள். ஊசி மேலே இருக்கும்போது பீப் அடிக்க வேண்டும், அமுக்கினால் நிற்க வேண்டும். அமுக்கியபடியே லேசாக ஆட்டிப் பாருங்கள், இடையில் பீப் வந்தால் அதுதான் குற்றவாளி. கதவு ஸ்விட்சுகளும் பல கார்களில் இதே மாதிரிதான், ஆனால் புதிய கார்களில் ஸ்விட்ச் கதவுப் பூட்டுக்குள்ளேயே இருக்கும், அதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. அங்கே ஒரு எளிய சோதனை உண்டு. கதவை மூடி, உள் விளக்கைக் கதவு நிலையில் வைத்து, இரவில் ஒவ்வொரு கதவாக வெளியே இழுத்தும் உள்ளே தள்ளியும் பாருங்கள், விளக்கு கண் சிமிட்டினால் அந்தக் கதவு.

ஒவ்வொன்றாகக் கழற்றி வையுங்கள்

பேட்டரியும் ஸ்விட்சும் சரி என்றால் இப்போது சென்சார்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் கப்ளரில் (வயர்கள் ஒன்றோடொன்று செருகும் இணைப்பில்) கழற்றி வைத்து இரண்டு மூன்று இரவு விடுங்கள். ஷாக் சென்சாரைக் கழற்றியும் கத்துகிறதா, அப்படியென்றால் அது நிரபராதி, திரும்பச் செருகிவிட்டு அடுத்ததைக் கழற்றுங்கள். அவசரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினால் சத்தம் நிற்கும், எதனால் நின்றது என்று தெரியாது. கழற்றும் முன் காரை ரிமோட்டில் திறந்து, சாவியை எடுத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டேஷ்போர்டுக்குக் கீழே மஞ்சள் நிறக் கப்ளரோ மஞ்சள் உறை போட்ட வயரோ தெரிந்தால் கையும் மீட்டரும் அதன் பக்கம் போகவே கூடாது. அது ஏர்பேக் வயரிங். மீட்டர் முனை பட்டாலே ஆபத்து. கம்பெனி கார் உத்தரவாதத்தில் இருந்தால் வயரை வெட்டி ஒட்டும் எந்த வேலையும் வேண்டாம், கப்ளரைக் கழற்றிச் செருகுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஷாக் சென்சார்

முதலில் அது நிற்கும் விதத்தைப் பாருங்கள். உறுதியான இரும்புத் தாங்கியில் திருகு போட்டோ இறுக்கிக் கட்டியோ இருக்க வேண்டும். நிறையக் கடைகளில் இரண்டு பக்கமும் பசை உள்ள டேப் போட்டு பிளாஸ்டிக்கில் ஒட்டிவிடுவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்து வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் அந்தப் பசை இளகிவிடும், டப்பாவை விரலால் தள்ளினால் கூழ்போல் நகரும், நூல் நூலாக இழுபடும். இன்னும் கொஞ்ச நாளில் விழுந்து வயரில் தொங்கும். தொங்குகிற சென்சார் தானே ஆடித் தானே கத்தும், அல்லது பாடியிலிருந்து அதிர்வு வந்து சேராமல் அடியோடு ஊமையாகும். இரண்டுமே சென்சார் பழுது என்று எழுதப்பட்டு, நல்ல சென்சார் குப்பைக்குப் போகிறது. பழைய பசையை முழுக்கச் சுரண்டி, திருகு போட்டு அல்லது நைலான் டை இரண்டு போட்டு இரும்பில் இறுக்குங்கள், அப்புறம் மேற்கொண்டு பார்க்கலாம்.

இப்போது சோதனை. எல்லாக் கண்ணாடியையும் ஏற்றி, ரிமோட்டில் பூட்டி, ஒரு நிமிடம் காத்திருங்கள், பூட்டிய உடனே சென்சார் விழித்துக்கொள்ளாது. பிறகு உள்ளங்கையால் முன் பம்பரில் லேசாகத் தட்டுங்கள். ஒன்றும் வராமல் இருந்தாலும் சரி, சின்ன எச்சரிக்கை வந்தாலும் சரி. கொஞ்சம் பலமாக, மூடிய கைமுட்டியின் பக்கவாட்டால், காரின் கண்ணாடி ஓரத் தூணில் குத்துங்கள். இப்போது முழு சைரன் வர வேண்டும். இதேபோல் நாலு மூலையிலும், டயரில் காலால் உதைத்தும் பாருங்கள். கண்ணாடியில் தட்ட வேண்டாம், விரலில் மோதிரம் இருந்தால் கழற்றிவிடுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் நடுவே அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள், அடுத்தடுத்துத் தூண்டப்பட்டால் சில யூனிட்டுகள் அந்த சென்சாரைக் கொஞ்ச நேரம் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அது தெரியாமல் சென்சார் செத்துவிட்டது என்று முடிவுகட்டுகிறவர்கள் நிறைய.

அளவு வைப்பதற்கு திருகை முதலில் முழுக்கக் குறைத்துவிட்டு, கால் சுற்று, கால் சுற்றாக ஏற்றிச் சோதிக்க வேண்டும். மேலேயிருந்து குறைத்துக்கொண்டு வருவதைவிட இது நன்றாக அமையும். மெதுவாகத் திருகுங்கள், கடைசிக்குப் போன பிறகும் அழுத்தினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உடைந்துவிடும். திருகைத் திருப்பத் திருப்ப எந்த வித்தியாசமும் இல்லாமல் ஒரே மாதிரி இருந்தாலோ, ஒரு புள்ளியில் மட்டும் பைத்தியம் பிடித்த மாதிரி கத்தினாலோ அந்தத் திருகுக்குக் கீழே இருக்கும் பொட்டன்ஷியோமீட்டர் (திருகத் திருக அளவு மாறும் மின்தடை) தேய்ந்திருக்கிறது. அது உண்மையான சென்சார் பழுது, மாற்றத்தான் வேண்டும்.

இதை எங்கே நின்று செய்கிறீர்கள் என்பது ரொம்ப முக்கியம். அஸ்தம்பட்டியில் அமைதியான ஒரு கடை வாசலில் அழகாக அளவு வைத்துக் கொடுப்பார்கள், நீங்கள் அம்மாபேட்டையிலோ கொண்டலாம்பட்டியிலோ தறிக்கூடத்தை ஒட்டிய சந்தில் நிறுத்துவீர்கள், இரவு ஷிப்ட் தறி ஓட ஆரம்பித்தால் தரை வழியாக வருகிற அதிர்வே போதும் சென்சாரை எழுப்ப. இளம்பிள்ளைப் பக்கமும் இதே கதைதான். அதனால் இறுதி அளவை, கார் இரவில் எங்கே தூங்குகிறதோ அங்கே வைத்துக்கொள்ளுங்கள், தறி ஓடும்போது, பஸ் போகும்போது. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை நடக்கும் நாட்களில் மேளமும் வேட்டும் அருகே இருந்தால் எந்த சென்சாரும் கொஞ்சம் கத்தும், அதைப் பார்த்து எல்லையைக் குறைத்துவிடாதீர்கள்.

குரங்கும் அப்படித்தான். ஏற்காட்டு மலைப்பாதையில் வண்டியை நிறுத்தினால் பானெட்டிலும் கூரையிலும் குதித்து விளையாடும், அலாரம் கத்தும். அங்கே சென்சார் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. தின்பண்டத்தை உள்ளே கண்ணில் படும்படி வைக்காமல் இருப்பதுதான் வழி.

அளவு வைத்தும் சரியாகவில்லை என்றால் மீட்டரை எடுங்கள். வயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆனால் நாலு வயரில் சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு எர்த், நீலம் எச்சரிக்கை, பச்சை முழு சைரன் என்ற ஏற்பாடு பரவலாக இருக்கிறது. உங்கள் அலாரத்தின் வரைபடத்தோடு ஒப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். கப்ளர் செருகியபடியே, பின்பக்கமாக முனையை நுழைத்து, சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே அளந்து பாருங்கள். அலாரம் பூட்டிய நிலையில் பேட்டரி வோல்டேஜுக்குப் பக்கத்தில் வர வேண்டும். கறுப்பு முனையைக் கார் பாடியில் வைத்து அளக்க வேண்டாம், சில யூனிட்டுகள் பூட்டும்போது மட்டும்தான் சென்சாருக்கு எர்த் கொடுக்கும், பாடியில் வைத்தால் எப்போதும் சரியாக இருப்பதுபோல் ஏமாற்றும். அளந்துகொண்டே வயரை ஆட்டுங்கள், எண் குதித்தால் கப்ளரிலோ எர்த்திலோ தொடர்பு லூஸ்.

பிறகு பச்சை வயர். சும்மா இருக்கும்போது அதில் சில வோல்ட் நிற்கும், சென்சார் தூண்டப்பட்டதும் ஒரு நொடிக்குப் பூஜ்யத்துக்கு இறங்கி மறுபடி ஏறும். யாரும் தொடாமல் தானாக இறங்கினால் சென்சார் பொய் சொல்கிறது. இறக்கம் வேகமாக நடக்கும், மீட்டரில் குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைக்கும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். பல்பு வைத்த டெஸ்ட் லாம்பை இந்த வயரில் வைக்கவே கூடாது, அது இழுக்கும் கரண்டில் சென்சாரின் உள் டிரான்சிஸ்டர் போய்விடும்.

கடைசி சோதனை, தட்டியும் கத்தாத சென்சாருக்கு. சென்சாரைக் கழற்றிவிட்டு அலாரத்தைப் பூட்டி, யூனிட் பக்கத்துப் பச்சை வயரை ஒரு வினாடி எர்த்தில் தொடுங்கள். சைரன் அடித்தால் யூனிட்டும் வயரிங்கும் நல்லாயிருக்கிறது, சென்சார்தான் பழுது. அடிக்கவில்லையென்றால் புது சென்சார் வாங்கியும் பலனில்லை. சிவப்பைத் தவறிக்கூட எர்த்தில் தொட வேண்டாம், ஃப்யூஸ் போய்விடும்.

கேபினுக்குள் இருப்பவை

அல்ட்ராசோனிக்கைச் சோதிக்க டிரைவர் பக்கக் கண்ணாடியைக் கை நுழையும் அளவுக்கு இறக்கி, பூட்டி, ஒரு நிமிடம் பொறுத்து, கையை உள்ளே விட்டு ஸ்டீயரிங் பக்கம் மெதுவாக அசையுங்கள். கத்த வேண்டும். மற்ற கண்ணாடிகளிலும் இதேபோல் பாருங்கள், பின் சீட்டுப் பக்கம் எதுவும் நடக்கவில்லையென்றால் குமிழ் திரும்பியிருக்கலாம், அல்லது அதன் வலையில் தூசி அடைத்திருக்கலாம். காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள், ஸ்ப்ரே எதுவும் அடிக்க வேண்டாம். அனுப்பும் குமிழையும் வாங்கும் குமிழையும் கழற்றினால் இடம் மாற்றிச் செருகிவிடாதீர்கள்.

தானாகக் கத்தினால் காற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கண்ணாடி ஒரு விரல் இடைவெளி திறந்திருந்தாலே உள்ளே காற்று சுழலும். வெயிலில் ஓட்டிவந்து, ஏசியில் குளிர்ந்த கேபினை அப்படியே வெயிலில் நிறுத்தினால் சூடான காற்று மேலேறிக் கீழிறங்கும், மலிவான சென்சாருக்கு அதுவே போதும். கண்ணாடியில் தொங்கும் பொம்மை, டேஷ்போர்டுச் சாமிக்குப் போட்ட பூச்சரம், சீட்டில் கிடக்கும் பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் ஒரு வாரம் எடுத்துவிட்டுப் பாருங்கள். ஏற்காட்டில் தங்கினால் இரவு விளக்கு வெளிச்சத்துக்கு அந்துப்பூச்சி உள்ளே வந்துவிடும், அதுவும் கத்த வைக்கும். இவ்வளவும் செய்து, நிழலில், மூடிய காரில், வெறும் கேபினில் கத்தினால் சென்சார் பழுதென்று தைரியமாகச் சொல்லலாம். கம்பெனி சென்சார் என்றால் ஸ்கேனர் வைத்துப் படித்தால் எந்தப் பகுதி என்று பழுதுக் குறியீடு வரும், மீட்டரோடு போராட வேண்டியதில்லை.

மைக்ரோவேவ் கண்ணாடியையும் பிளாஸ்டிக்கையும் ஊடுருவும், இரும்பில் தடுக்கும். எனவே செவ்வாய்ப்பேட்டை, குகை மாதிரியான குறுகிய தெருக்களில் கதவை உரசிக்கொண்டு நடக்கிறவர்களைக்கூடத் திருடனாக நினைக்கும். பூட்டிவிட்டு, கூட வந்தவரைக் காரைச் சுற்றி நடக்கச் சொல்லுங்கள். ஒட்டி நடந்தால் கத்தக் கூடாது, கண்ணாடிக்குள் கையை விட்டால் கத்த வேண்டும், அந்த அளவுக்குத் திருகை வையுங்கள். கண்ணாடியில் மழைத் தண்ணீர் வழியும்போதும் தூண்டப்படலாம், மழை நாளில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சாய்வு சென்சார் பூட்டும் நேரத்தில் கார் எந்தச் சாய்வில் நிற்கிறதோ அதை நினைவில் வைத்துக்கொள்ளும். ஏற்காட்டுச் சரிவில், மழையில் நனைந்த மண் தரையில் நிறுத்தினால் ஒரு சக்கரம் மெதுவாக இறங்கும், கத்தும். டயரில் காற்று மெல்ல இறங்கினாலும் கத்தும், அதனால் விடிந்ததும் டயரைப் பாருங்கள். சோதிக்கச் சமதரையில் ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, பூட்டி, ஜாக்கியால் பின்பக்க மூலை ஒன்றை நிதானமாகச் சில சென்டிமீட்டர் தூக்குங்கள். காருக்குக் கீழே யாரும் போகக் கூடாது.

கத்தாத சென்சாரும் பழுதுதான்

கத்தினால்தான் கவனிக்கிறோம். ஊமையாகிப்போன சென்சாரை யாரும் கவனிப்பதில்லை, எனக்கு அதுதான் அதிகக் கவலை. பூட்டும்போது இண்டிகேட்டர் மின்னுகிறது, பீப் வருகிறது, எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டிருப்போம். மேலே சொன்ன தட்டும் சோதனையையும் கை அசைக்கும் சோதனையையும் மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, கோடைக்குப் பின் ஒருமுறை செய்யுங்கள், பகல் நேரத்தில், அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு. சைரன் சத்தம் கம்மியாகவோ கரகரப்பாகவோ இருந்தால் சென்சாரைப் பார்க்காதீர்கள், சைரனுக்குள் தண்ணீர் போயிருக்கும், வாய் கீழே பார்க்கும்படி திருப்பி மாட்ட வேண்டும்.

பேட்டரி அடிக்கடி இறங்குகிறதென்றால் நின்ற காரில் எவ்வளவு கரண்ட் போகிறது என்று பாருங்கள். நெகட்டிவ் முனையைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் வரிசையில் இடையில் போட்டு, கதவுகளை மூடி, அரை மணி நேரம் காத்திருந்து பார்த்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். மீட்டர் இணைந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணவே கூடாது. அளவு அதிகமாக இருந்து, சென்சார் கப்ளரைக் கழற்றியதும் சட்டென்று இறங்கினால் அந்த சென்சார் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது.

கடைக்குப் போகும்போது

மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால் நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். எப்போது கத்தியது, எதைக் கழற்றியபோது நின்றது, பச்சை வயரில் என்ன வோல்ட் என்று சொன்னால் கடைக்காரரும் நேராக விஷயத்துக்கு வருவார், முழு செட்டையும் மாற்றச் சொல்ல மாட்டார். அதே யூனிட்டுக்குப் பொருந்தும் சென்சாரா, எர்த் கொடுத்துத் தூண்டும் வகையா என்று கேளுங்கள், வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி கப்ளர் இருந்தாலும் உள்ளே வேறாக இருக்கும். டேப் ஒட்ட வேண்டாம், திருகு போடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏஆர்ஏஐ (இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகம்) சான்று பெற்ற கருவி என்று காட்டிக் காப்பீட்டுப் பிரீமியத்தில் தள்ளுபடி வாங்கியிருந்தால் அலாரத்தைக் கழற்றி வைத்தபடி வண்டி ஓட்ட வேண்டாம், சரிசெய்து திரும்ப இணைத்த ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய சென்சாரைக் கேட்டு வாங்கி வாருங்கள், புதியது போட்ட பிறகும் அதே நேரத்துக்குக் கத்தினால் பழையதையே திரும்பப் போட்டுவிட்டு பானெட் ஸ்விட்சிலிருந்து மறுபடி தொடங்கலாம்.